பதினாறு விதிகளும் ஏழாயிரம் தீவுகளும்

1887-ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் இரு வேறு நகரங்களில், ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிராத இரண்டு இளம் கண் வைத்தியர்கள் ஆளுக்கு ஒரு நூலை அச்சேற்றினார்கள். ஒருவர் லூதவிக் ஸாமென்ஹோஃப். ருஷ்ய சாம்ராஜ்யத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த பியாலிஸ்டாக் என்னும் ஊரில் போலிஷ்காரரும் ருஷ்யரும் ஜெர்மானியரும் யூதரும் தத்தம் பாஷையையே பேசி, அந்தப் பாஷையின் பெயராலேயே ஒருவரையொருவர் வெறுத்ததைச் சிறு வயது முதல் கண்டு மனம் நொந்து வளர்ந்த அவர், மனிதர் யாவருக்கும் பொதுவான இரண்டாம் மொழி ஒன்று வேண்டும் என்று தாமே ஒரு மொழியை ஆக்கி, 'நம்பிக்கை கொண்டவன்' என்று பொருள்படும் 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்ற புனைபெயரில் வார்ஸாவில் அதை வெளியிட்டார்; ஆசிரியரின் புனைபெயரே நாளடைவில் மொழியின் பெயராயிற்று. மற்றவர் ஹோஸே ரிஸால். பிலிப்பைன்ஸ் தீவுகளில் லகூனா மாகாணத்துக் கலம்பாவில் பிறந்து, ஹைடல்பர்கில் ஓட்டோ பெக்கரிடம் கண் சிகிச்சை பயின்ற அவர், தம் மக்கள் ஸ்பானிய ஆட்சியின்கீழ் பட்ட துயரைச் சொல்லும் நாவலைப் பெர்லினில் அச்சிட்டார். நாவல் ஸ்பானிய மொழியில் அமைந்தது. ஆயினும் அவர் உள்ளம் தாய்மொழியாகிய தகாலோகை விட்டு அகலவில்லை. 1886-இல் ஷில்லரின் 'வில்ஹெல்ம் டெல்' நாடகத்தைத் தகாலோகில் மொழிபெயர்த்தார். 1890-இல் அம்மொழியின் எழுத்துமுறை சீர்பெற வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் கோட்பாட்டில் இவ்விரு வைத்தியர்களும் ஒத்த கருத்தினர் என்பது கவனிக்கத் தக்கது.

ஸாமென்ஹோஃபின் மொழியையும், ரிஸாலின் தாய்மொழியை அடிப்படையாகக் கொண்டு பிற்காலத்தில் தேசிய மொழியாக உருப்பெற்ற பிலிப்பினோவையும், கற்க விரும்பும் ஒருவரின் நோக்கில் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். எது எளிது என்ற வினாவுக்குப் பலரும் தயக்கமின்றி எஸ்பெராண்டோ என்றே விடை சொல்வார்கள். அதற்குச் சான்றாக டால்ஸ்டாய் 1894-இல் எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டுவதும் வழக்கம். இலக்கணமும் அகராதியும் தம் கைக்கு வந்த பின் இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத முயற்சியில் அம்மொழியைத் தங்குதடையின்றி வாசிக்கும் திறன் கைவந்துவிட்டதாக அவர் அதில் குறிப்பிட்டிருந்தார். ஆனால் டால்ஸ்டாய் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் முன்னமே தேர்ச்சி பெற்றிருந்தவர் என்பதையும், எஸ்பெராண்டோவின் வேர்ச்சொற்களில் பெரும்பகுதி அம்மொழிகளிலிருந்தும் லத்தீனிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்பவர் சிலரே. அவ்வாறே, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்காக வகுத்துள்ள பட்டியலில், தகாலோக் 44 வாரங்களும் ஏறக்குறைய 1100 வகுப்பு மணிகளும் வேண்டும் கடினமான மொழிகளின் கூட்டத்தில் இருக்கிறது; அதே கூட்டத்தில் நம் தமிழும் இருக்கிறது. இந்த அளவுகோல்கள் யாவும் ஐரோப்பிய மொழி பேசும் ஒருவனுடைய நாவை ஆதாரமாக வைத்து அளக்கப்பட்டவை. தமிழ் பேசும் ஒருவன் அளக்கப் புகுந்தால் கணக்கு வேறாகும். எப்படி வேறாகும் என்பதை ஒரு சில வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எஸ்பெராண்டோ. 1887-ஆம் ஆண்டு வெளிவந்த அந்தச் சிறு நூலில் 16 இலக்கண விதிகளும் சுமார் 900 வேர்ச்சொற்களும் இருந்தன. பெயர்ச்சொல் யாவும் 'ஓ' என முடியும். பெயரடை 'ஆ' என முடியும். வினையடை 'ஏ' என முடியும். வினைக்கு நிகழ்காலம் 'ஆஸ்', இறந்தகாலம் 'ஈஸ்', எதிர்காலம் 'ஓஸ்'. நான், நீ, அவர்கள் என்று எழுவாய் எதுவாயினும் விகுதி மாறுவதில்லை. விதிவிலக்கான வினை ஒன்றுகூட இல்லை. அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில் விழும். பாஷா சாஸ்திரிகள் ஒரு மொழியின் இலக்கணத்தைச் சுருக்கி எழுத முயலும்போது விதிகளைவிட விலக்குகளே பக்கங்களை நிரப்புவதைக் கண்டிருக்கிறோம். இங்கோ விலக்குகளுக்கென்று ஒரு பக்கமும் தேவைப்படவில்லை.

இந்த ஒழுங்கினும் வியக்கத்தக்கது அதன் சொல்லாக்கம். 'ஸான்' என்பது ஆரோக்கியத்தைக் குறிக்கும் வேர். 'ஸானா' என்றால் ஆரோக்கியமுள்ள. எதிர்ப்பொருள் தரும் 'மல்' என்ற முன்னொட்டைச் சேர்த்தால் 'மல்ஸானா', நோயுற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர்ந்தால் 'மல்ஸானூலோ', நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'எய்' அதன்மேல் சேர்ந்தால் 'மல்ஸானுலேயோ', அதாவது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு 'ஹோஸ்பிதாலோ' என்ற கடன்சொல்லும் வழக்கில் உண்டு. எனினும் முதலில் சொன்னதை அறியாத மாணவன்கூட அதைத் தானே கட்டிக்கொள்ள முடியும் என்பதே இம்மொழியின் சிறப்பு. ஒட்டுகளே தனிச் சொற்களாக நடமாடவும் கூடும்: 'ஏயோ' என்றால் இடம், 'ஊலோ' என்றால் ஆள், 'ஈலோ' என்றால் கருவி. பிரெஞ்சுக்காரனுக்கோ ஆங்கிலேயனுக்கோ இந்த அடுக்கு முறை சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். 'வீடுகளிலிருந்துதான்' என்ற ஒரே சொல்லில் பன்மை, வேற்றுமை, தேற்றம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நாள்தோறும் பேசுகிற தமிழனுக்கு இதில் புதுமை ஏது? சொற்கள் மேலை நாட்டுச் சொற்கள். அவற்றைக் கோக்கும் முறை நமக்குப் பழகிய முறை.

ஐரோப்பிய மாணவர்கள் எஸ்பெராண்டோவில் அதிகம் இடறுவது செயப்படுபொருளைக் குறிக்கும் 'ன்' விகுதியில். 'லீப்ரோ' என்றால் புத்தகம். 'மீ லேகாஸ் லீப்ரோன்' என்றால் நான் புத்தகத்தை வாசிக்கிறேன். தம் மொழியில் சொற்களின் வரிசையாலேயே செயப்படுபொருளை உணர்த்திப் பழகியவர்கள் இந்த 'ன்'-ஐ அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நமக்கோ அது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' தான். அது இருப்பதனால் 'லீப்ரோன் மீ லேகாஸ்' என்று வரிசையை மாற்றினாலும் பொருள் கெடுவதில்லை. தமிழ் மாணவனுக்கு இடறல் வேறோரிடத்தில் காத்திருக்கிறது. 'நல்ல புத்தகங்களை' என்று சொல்லும்போது 'நல்ல' என்பது எந்த மாறுதலும் அடைவதில்லை. எஸ்பெராண்டோவிலோ பெயரடையும் பெயரைப் பின்பற்றிப் பன்மைக்கு ஒரு 'ய்', வேற்றுமைக்கு ஒரு 'ன்' ஏற்று, 'போனாய்ன் லீப்ரோய்ன்' என்று ஆக வேண்டும். இந்த இரட்டைச் சுமையை ஸாமென்ஹோஃப் தவிர்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அப்படி எண்ணிய சீர்திருத்தக்காரர்கள் 1907-இல் 'ஈதோ' என்ற கிளைமொழியைத் தோற்றுவித்தும் இருக்கிறார்கள். ஆனால் 1905-இல் பிரான்ஸ் நாட்டு பூலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, மொழியின் அடிப்படையை எவரும் மாற்றலாகாது என்று உறுதி செய்துவிட்டமையால், எஸ்பெராண்டோ சிதறாமல் நிலைத்தது.

தமிழனுக்கு மகிழ்ச்சி தரும் பகுதி ஒன்று உண்டு. எஸ்பெராண்டோவில் வினா, சுட்டு முதலியவற்றைக் குறிக்கும் 45 சிறு சொற்கள் ஒரே அட்டவணையில் அடங்கும். 'கீ' என்பது வினா, 'தீ' என்பது சுட்டு, 'ஈ' என்பது ஏதோ ஒன்று, 'ச்சீ' என்பது எல்லாம், 'நெனீ' என்பது ஒன்றுமில்லை. இடத்துக்குரிய ஈற்றைச் சேர்த்தால் கீயே, தீயே, ஈயே, ச்சீயே, நெனீயே. காலத்துக்குரியதைச் சேர்த்தால் கீயாம், தீயாம், ஈயாம், ச்சீயாம், நெனீயாம். எங்கே, அங்கே, எங்கோ, எங்கும்; எப்போது, அப்போது, எப்போதோ, எப்போதும் என்று சுட்டெழுத்தையும் வினாவெழுத்தையும் மாற்றி மாற்றியே பேசிவரும் நமக்கு, மேலை நாட்டு மாணவர்கள் மனப்பாடம் செய்து வருந்தும் இந்த அட்டவணை ஒரு மாலைப் பொழுதில் வசப்படும்.

இனி பிலிப்பினோவுக்கு வருவோம். இம்மொழியை வேற்று நாட்டார் கற்க முயன்ற வரலாறு நெடியது. 1610-இல் பதான் பகுதியில் இருந்த அச்சகத்தில் பிளாங்காஸ் தே ஸான் ஹோஸே என்ற பாதிரியார் எழுதிய தகாலோக் இலக்கணம் அச்சாயிற்று; அதை அச்சிட்ட தோமாஸ் பின்பின் என்னும் தகாலோகர் அதே ஆண்டில், தம் மக்கள் ஸ்பானிய மொழி கற்பதற்காகத் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். ஆள வந்தவன் ஆளப்படுவோர் மொழியைக் கற்பதற்கு ஒரு நூலும், ஆளப்படுவோர் ஆள வந்தவன் மொழியைக் கற்பதற்கு ஒரு நூலும் ஒரே அச்சகத்தில் ஒரே ஆண்டில் பிறந்த இந்தச் சம்பவம், மொழிக் கல்வியின் சரித்திரத்தில் தனி இடம் பெறத் தக்கது. பின்னர் 1917-இல், ஸாமென்ஹோஃப் காலமான அதே ஆண்டில், அமெரிக்க மொழியியலின் மூலவர்களுள் ஒருவராகிய லெனர்ட் புளூம்ஃபீல்ட், இலினாய் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த ஒரு பிலிப்பைன் மாணவர் வாயால் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி, அவற்றைப் பகுத்து ஒரு பெரிய நூல் செய்தார். ஸ்பானியப் பாதிரிமாரும் சரி, புளூம்ஃபீல்டும் சரி, அவருக்குப் பின் வந்தவர்களும் சரி, எல்லோரும் வியந்து நின்ற இடம் ஒன்றே: அது இம்மொழியின் வினை.

'ஸுலாத்' என்பது எழுதுதலைக் குறிக்கும் வேர். நம் வினைகளில் விகுதிகள் பின்னால் சேரும். எஸ்பெராண்டோவில் முன்னும் பின்னும் சேரும். பிலிப்பினோவிலோ ஒட்டு வேரின் உடலுக்குள்ளேயே புகுந்துவிடும். 'ஸு'வின் மெய்க்கும் உயிருக்கும் இடையே 'உம்' நுழைந்தால் 'ஸுமுலாத்', எழுதினான். அந்த முதலசையை இரட்டித்தால் 'ஸுமுஸுலாத்', எழுதிக்கொண்டிருக்கிறான். 'உம்' இல்லாமல் முதலசையை மட்டும் இரட்டித்தால் 'ஸுஸுலாத்', எழுதுவான். இவை காலத்தைக் குறிப்பவை என்பதைவிடச் செயலின் நிலையைக் குறிப்பவை என்பதே பொருந்தும்: முடிந்த செயல், முடியாத செயல், இன்னும் தொடங்காத செயல். 'ஸுமுஸுலாத்' என்பது நேற்று எழுதிக்கொண்டிருந்ததையும் சொல்லும், இன்று எழுதிக்கொண்டிருப்பதையும் சொல்லும், வழக்கமாக எழுதுவதையும் சொல்லும். மாணவன் காலத்தைத் தேடாமல் செயல் முடிந்ததா இல்லையா என்று கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும்.

ஆச்சரியம் இத்தோடு முடிவதில்லை. பையன் ஆசிரியருக்குப் பென்சிலால் கடிதம் எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். பையனைப் பற்றிப் பேசுவதானால் 'ஸுமுலாத் அங் பாத்தா'. கடிதத்தைப் பற்றிப் பேசுவதானால் வினை 'ஸினுலாத்' என்று மாறி, 'ஸினுலாத் நங் பாத்தா அங் லீஹாம்' என்று வரும். ஆசிரியரைப் பற்றிப் பேசுவதானால் 'ஸினுலாதான் நங் பாத்தா அங் கூரோ'. பென்சிலைப் பற்றிப் பேசுவதானால் 'இபினான்ஸுலாத் நங் பாத்தா அங் லாபிஸ்'. ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தப் பெயருக்கு முன் 'அங்' என்ற சிறு சொல் நிற்கிறதோ, அதுவே பேச்சின் மையம். அந்த மையத்துக்கும் செயலுக்கும் உள்ள உறவு எழுதியவனா, எழுதப்பட்டதா, பெற்றவரா, கருவியா என்பதை வினையே தன் ஒட்டினால் அறிவித்துவிடும். புளூம்ஃபீல்ட் இவற்றை ஒரு செய்வினையும் மூன்று வகைச் செயப்பாட்டு வினைகளுமாகப் பிரித்தார். அப்படிப் பிரிப்பது சரியா, இம்மொழியில் எழுவாய் என்று ஒன்று உண்டா என்பதைப் பற்றியே பால் ஷாக்டர் 1976-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அந்த விவாதம் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

இங்கே தமிழையும் எஸ்பெராண்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று மொழிகளின் சுபாவமும் ஒருங்கே துலங்கும். தமிழில் 'எழுதிய' என்ற ஒரே பெயரெச்சம் எல்லாவற்றுக்கும் வரும்: எழுதிய பையன், எழுதிய கடிதம், எழுதிய பென்சில், எழுதிய மேஜை, எழுதிய நாள். பையன் எழுதினான், கடிதம் எழுதப்பட்டது, பென்சிலால் எழுதினான், மேஜைமேல் எழுதினான், நாளன்று எழுதினான் என்ற இந்த ஐந்து உறவுகளையும் கேட்பவன்தான் உலக அறிவைக் கொண்டு ஊகித்துக்கொள்கிறான். அந்த ஊகம் ஓரிடத்தில் தோற்கும்: 'எழுதிய ஆசிரியர்' என்றால் கடிதத்தைப் பெற்ற ஆசிரியரை எவரும் நினைப்பதில்லை, எழுதினவரையே நினைப்பார்கள், பெற்றவரைச் சொல்ல வேண்டுமானால் வேறு வினையைத் தேட வேண்டும். எஸ்பெராண்டோவில் எழுதியவனுக்கு 'ஸ்க்ரிபீந்தா' என்றும் எழுதப்பட்டதற்கு 'ஸ்க்ரிபீதா' என்றும் இரு வடிவங்கள் உண்டு. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் அவற்றுக்கு இணையான வடிவங்கள் இருப்பதால், முக்காலப் பெயரெச்சம் உள்ள தமிழனுக்கு அவை உடனே விளங்கும். ஆனால் பென்சிலையோ ஆசிரியரையோ அந்த இரண்டில் அடக்க முடியாது. 'எதனால் எழுதினானோ அந்தப் பென்சில்' என்ற அமைப்பில் முன்னிடைச் சொல்லையும் இணைப்புச் சொல்லையும் கூட்டி வாக்கியத்தை நீட்ட வேண்டும். பிலிப்பினோவிலோ 'பாத்தாங் ஸுமுலாத்', 'லீஹாம் நா ஸினுலாத்', 'கூரோங் ஸினுலாதான்', 'லாபிஸ் நா இபினான்ஸுலாத்' என்று நான்குக்கும் நான்கு வினை வடிவங்கள். ஆசிரியரைப் பற்றிய ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை. 'ஸினுலாதான்' என்று கேட்டவுடன் கடிதத்தைப் பெற்றவர் என்று தெளிந்துவிடும்.

ஒரே கருத்தைச் சொல்வதில் தமிழ் பெரும்பகுதியைக் கேட்பவனின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. எஸ்பெராண்டோ அதைச் சிறு சொற்களிடமும் விகுதிகளிடமும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பிலிப்பினோ முழுவதையும் வினையின்மேல் ஏற்றிவிடுகிறது. எந்த மொழியும் தன்னளவில் கடினமுமன்று, எளிதுமன்று. தன் மொழி சுமையை வைத்த இடத்திலிருந்து புதிய மொழி அதை எவ்வளவு தூரம் நகர்த்தி வைத்திருக்கிறது என்பதே கற்பவன் படும் பிரயாசையின் அளவு. எஸ்பெராண்டோ தமிழனுக்கு அச்சுமையைச் சிறிதளவே நகர்த்துகிறது. பிலிப்பினோ வெகுதூரம் நகர்த்துகிறது. ஆகவே பிலிப்பினோ வினையோடு போராடும் தமிழ் மாணவன் தன் அறிவில் குறை கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. அவன் செய்துகொண்டிருப்பது, பிறந்தது முதல் ஊகத்தால் நடத்திவந்த ஒரு காரியத்தை இப்போது ஒட்டுகளால் நடத்தப் பழகும் வேலை. அதற்குக் காலம் தேவை.

எழுத்தில் இரு மொழிகளுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டுக்கும் இன்று 28 எழுத்துகள். எஸ்பெராண்டோ சில எழுத்துகளின்மேல் குறியிட்டு அந்த எண்ணிக்கையை எட்டியது. பிலிப்பினோவுக்கு லோபே கே. ஸாந்தோஸ் 1940-இல் வெளியான தம் இலக்கண நூலில் 20 எழுத்துகளையே வகுத்திருந்தார். 1987-இல் அயற்சொற்களுக்காக எண்ணிக்கை பெருகியது. அந்த இருபதில் 'ங' தனி எழுத்தாக இடம் பெற்றிருந்தது நமக்கு உவப்பான செய்தி. 'ஙயோன்' (இப்போது), 'ஙீபின்' (பல்) என்று சொல்லின் முதலிலேயே வரும் இந்த ஒலியை எழுப்ப ஆங்கிலேயர் வெகுவாகத் திணறுவார்கள். ஆனால் எஸ்பெராண்டோ எழுதியபடியே ஒலிக்க, பிலிப்பினோ எழுத்தோ முக்கியமான ஒன்றைக் காட்டாமல் விட்டுவிடுகிறது. நாயைக் குறிக்கும் 'ஆஸோ'வும் புகையைக் குறிக்கும் 'அஸோ'வும் சாதாரண எழுத்தில் ஒன்றே. வாழ்க்கையாகிய 'பூஹாய்', உயிரோடிருக்கும் 'புஹாய்' ஆகிய இரண்டும் ஒன்றே. குழந்தை என்ற 'பாத்தா'வின் முடிவில் தொண்டையில் மூச்சு ஒரு கணம் தடைபட்டு நிற்கும். அந்தத் தடை இல்லாவிட்டால் அதே சொல் மேலங்கியாகிவிடும். அழுத்தத்தையும் அந்தத் தடையையும் காட்டும் குறிகள் அகராதிகளில் உண்டு, செய்தித்தாள்களில் இல்லை. ஆதலால் பிலிப்பினோவைக் கண்ணால் மட்டும் கற்றவன் பேசப் புகும்போது தவறுவான். காதால் கற்பதே வழி.

மனிலா நகரத்தார் தாமே நகைத்து மகிழும் ஒரு சம்பாஷணை இங்கே நினைவுக்கு வருகிறது. மின்தூக்கியின் வாசலில் நிற்பவர் உள்ளே இருப்பவரைக் கேட்கிறார்: 'பபபா பா?' உள்ளிருந்து விடை வருகிறது: 'பபபா.' பகரங்களை எல்லாம் 'பக்தி'யில் ஒலிப்பது போல ஒலிக்க வேண்டும். 'பபா' என்பது இறங்குதல். முதலசை இரட்டித்து 'பபபா' ஆனால் இறங்கப் போகிறது. ஈற்றில் தனித்து நிற்கும் 'பா' வினா இடைச்சொல், நம் 'இறங்குமா' என்பதில் உள்ள ஆகாரம் போன்றது. நான்கு அசைகளில் வேர், இரட்டிப்பு, வினா ஆகிய மூன்றும் அடங்கிவிட்டன. எஸ்பெராண்டோவும் இதே பணிக்கு 'ச்சு' என்ற சொல்லை வைத்திருக்கிறது. ஆனால் அது வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும்.

வினையைத் தாண்டிவிட்டால் பிலிப்பினோவில் தமிழனுக்கு ஆறுதல் தரும் இடங்கள் பல. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை ஐரோப்பிய மொழிகள் அறியா. எஸ்பெராண்டோவும் அவற்றைப் பின்பற்றி 'நீ' என்ற ஒரே சொல்லோடு அமைந்துவிட்டது. பிலிப்பினோவில் 'தாயோ' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். ஒருவரை மரியாதையாக விளிக்கப் பன்மையாகிய 'காயோ'வைப் பயன்படுத்துவதும், பேச்சினிடையே 'போ' என்ற மரியாதைச் சொல்லைத் தூவுவதும், உறவில்லாத மூத்தவரையும் 'கூயா' (அண்ணன்), 'ஆதே' (அக்கா) என்று அழைப்பதும் நம் வீட்டு வழக்கத்தையே நினைவூட்டும். அருகில் உள்ளதற்கு 'தீதோ', கேட்பவர் பக்கத்தில் உள்ளதற்கு 'தியான்', தொலைவில் உள்ளதற்கு 'தோஓன்' என்னும் மூவகைச் சுட்டு, பழந்தமிழின் இகர உகர அகரச் சுட்டுகளுக்கு ஏறத்தாழ இணையானது; இலங்கைத் தமிழர் பேச்சில் உகரச் சுட்டு இன்றும் உயிரோடிருப்பதால் அவர்களுக்கு இது இன்னும் எளிது. சொற்களிலும் பழைய பந்தம் உண்டு. 'கூரோ' (ஆசிரியர்), 'முக்ஹா' (முகம்), 'ஆஸா' (நம்பிக்கை), 'துக்ஹா' (வறியவர்) முதலியன சம்ஸ்கிருதத்திலிருந்து மலாய் வழியாகச் சென்றவை. நம் மாங்காயே மலாயில் 'மங்கா' ஆகி, தகாலோகிலும் அப்பெயரோடு குடியேறியது. ரிஸாலின் மாகாணமாகிய லகூனாவில் கிடைத்த, சக வருஷம் 822, அதாவது கி.பி. 900 என்று காலம் பொறித்த செப்பேடு, இந்தத் தொடர்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதற்குச் சாட்சி.

எஸ்பெராண்டோ செயற்கை மொழி, பிலிப்பினோ இயற்கை மொழி என்று பிரிப்பவர்கள், பிலிப்பினோ எவ்வாறு தேசிய மொழியாயிற்று என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளிலே நூற்றெழுபதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில், பொதுமொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்க 1936-இல் சட்டத்தின் மூலம் ஒரு நிலையம் ஏற்படுத்தப்பட்டது. அதன் முதல் தலைவராகிய ஹைமே தே வைரா, தகாலோகைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். ரிஸால் கொல்லப்பட்ட நாளாகிய டிசம்பர் 30 அன்று, 1937-ஆம் ஆண்டில், ஜனாதிபதி மனுவேல் கேஸோன் தகாலோகை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியைப் பிரகடனம் செய்தார். செபுவானோ முதலிய மொழியினர் அதை எதிர்த்தனர்; அந்த மனக்குறையைத் தணிக்கவே 1959-இல் அதற்கு 'பிலிபினோ' என்று பெயரிட்டார்கள்; 1987 அரசியலமைப்பு, மற்றப் பிலிப்பைன் மொழிகளாலும் வளம் பெற்று வளரும் 'பிலிப்பினோ' என்று அதை நிலைநிறுத்தியது. ஆகவே இங்கேயும் குழுக்கள் கூடி முடிவு செய்தன, இலக்கணம் எழுதின, எழுத்துகளை எண்ணின. வேறுபாடு என்னவெனில், பிலிப்பினோவின் குழுக்கள் கோடிக்கணக்கானவர் வாயில் முன்னமே வழங்கிய மொழியை ஒழுங்குபடுத்தின. ஸாமென்ஹோஃப் மொழியை முதலில் ஆக்கி, பேசுவோரைப் பின்னர் தேடினார்.

தேடினார் என்பது சிறிய சொல். அந்தத் தேடலுக்குக் கொடுத்த விலை பெரிது. எஸ்பெராண்டோவைக் கற்றவர்களை ஹிட்லரின் ஆட்சியும் ஸ்டாலினின் ஆட்சியும் வேட்டையாடின. ஸாமென்ஹோஃபின் மகன் ஆதாம் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸோஃபியா, லீதியா என்ற இரண்டு பெண்களும் 1942-இல் திரெப்ளிங்கா முகாமில் மடிந்தனர். அம்மொழி அழியாமல் இன்றும் உலக மாநாடுகளில் பேசப்படுவதும், அதில் கவிதையும் நாவலும் எழுதப்படுவதும், அதனைக் கற்றவர்கள் அதன்மேல் கொண்ட உண்மையான பற்றினால்தான். அதை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோருடன் என்னால் உடன்பட முடியவில்லை. ஆயினும் கற்பவன் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அதைப் பேசுவோர் எத்தனை பேர் என்ற மதிப்பீடுகள் பல்லாயிரத்திலிருந்து 20 லட்சம் வரை பரவிக் கிடக்கின்றன. எப்படிக் கணக்கிட்டாலும் அவர்கள் உலகெங்கும் சிதறி வாழ்பவர்கள், அவர்களை நாடிச் செல்ல வேண்டும். 2020 கணக்கெடுப்பின்படி 10.9 கோடி மக்கள் வாழும் பிலிப்பைன்ஸிலோ, சந்தைக்குப் போனாலே மொழி எதிர்கொண்டு வரும்.

வாயில் வழங்கும் மொழி விதிகளுக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதற்கு இரு பக்கத்திலும் சான்றுகள் உண்டு. எஸ்பெராண்டோ பேசும் பெற்றோர்க்குப் பிறந்து அதைத் தாய்மொழியாகவே கற்ற குழந்தைகளைப் பற்றி பெஞ்சமின் பெர்கன் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவர்களில் பலர் அந்தச் செயப்படுபொருள் 'ன்'-ஐ விட்டுவிட்டுச் சொல்வரிசையை நிலைப்படுத்திக்கொள்வதைக் காட்டியது. மனிலாவிலோ, கைத்தொலைபேசியில் அனுப்பும் 'டெக்ஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே வேராக்கி, அதன் முதல் மெய்க்கும் உயிருக்கும் நடுவே 'இன்' நுழைத்து, 'டினெக்ஸ்ட்' என்று வினை செய்துவிட்டார்கள். 1610-இல் பாதிரியார் விவரித்த அதே ஒட்டு, நேற்று வந்த சொல்லின் உடலுக்குள்ளும் தடையின்றிப் புகுகிறது.

கற்கத் தொடங்குவோருக்கு அனுபவத்தில் பயன்படும் யோசனைகள் சில உண்டு. எஸ்பெராண்டோவில் முதல் வாரங்களில் வேர்ச்சொற்களைப் பெருக்கிக்கொள்வதைவிட ஒட்டுகளையும் நாற்பத்தைந்து சொல் அட்டவணையையும் பழகிக்கொள்வது நல்லது. அவை வந்துவிட்டால் ஒரு வேர் பத்துச் சொல்லாகும். பிலிப்பினோவில் முறை நேர்மாறானது. அங்கே அகராதிகள் வேரை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், 'இபினான்ஸுலாத்' என்ற சொல்லைக் கண்டவன் இகரத்தில் தேடாமல், ஒட்டுகளை உரித்து 'ஸுலாத்' என்ற இடத்துக்குப் போகக் கற்க வேண்டும். எந்த வேர் எந்த ஒட்டை ஏற்கும் என்பதையும் பொது விதியால் முற்றும் அறிய முடியாது. 'பிலி' என்ற வேருக்குள் 'உம்' புகுந்தால் 'புமிலி', வாங்கினான். அதே வேருக்கு முன்னால் 'நக்' சேர்ந்தால் 'நக்பிலி', விற்றான். இவ்வாறு ஓர் ஒட்டு வாங்குபவனை விற்பவனாக்கிவிடும் மொழியில், வேரை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு வேரையும் அது ஏற்கும் ஒட்டுகளோடு, ஒரு முழு வாக்கியத்தில் வைத்து, உரக்கச் சொல்லிப் பழகுவதே உகந்தது.